தோல் டீயும் ஒரு ஃபிரெஞ்சுக் கிண்ணமும்

எங்கள் ஊரில் ஏலத்தை ஏலம் போடுவார்கள். வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "என்னய்யா, இரட்டைக்கிளவியா?" என்று கேட்பார்கள். இல்லை ஸார், பிழைப்பு.

போடிநாயக்கனூர் தெரியும்தானே? தேனியிலிருந்து மேற்கே போகிற ரோடு மலையில் முட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் ஏற ஆரம்பிக்கிற இடம். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதற்கு அந்தப் பக்கம் கேரளா. ஏலத் தோட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான். விடியற்காலையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறிப் போய், காய் பறித்துவிட்டு, சாயங்காலம் இறங்கி வருவார்கள். காய் விளைவது மலையில். விலை பேசுவது போடியில். ஆனால் உலக மார்க்கெட்டில் அதன் பெயர் 'ஆலப்பி கிரீன்'! பெற்றவர்களும் வளர்த்தவர்களும் இங்கே இருக்க, இனிஷியல் மட்டும் ஒரு பழைய துறைமுகத்துக்குப் போய்விட்டது.

நான் பி.காம். படித்தது ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி. எங்கள் ஊரில் காலேஜ்கூட ஏலக்காய் பேரில்தான். வாரத்தில் ஒரு நாள் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். மற்ற ஆறு நாளும் ரெண்டு ஏலக்காய்க் கடைகளில் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறேன். எதில் கற்பனை அதிகம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இந்த வாரம் விஷயம், என் அம்மா சாப்பிட்ட இந்தோனேஷிய - ஃபிரெஞ்சு டின்னர்.

முதலில் அம்மாவைப் பற்றி. இருபத்தெட்டு வருஷம் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பிரித்தவள். மலையிலிருந்து வருகிற காய் எல்லாம் ஒன்று போல இருக்காது. சுமார் அஞ்சு கிலோ பச்சைக் காயை ஸ்டோரில் உலர்த்தினால் ஒரு கிலோ தேறும். உலர்த்துகிற சூடு கூடினால் நிறம் போச்சு, குறைந்தால் பூஞ்சை. தேறின ஒரு கிலோவுக்குள்ளும் எட்டு எம்.எம்., ஏழு எம்.எம்., நல்ல பச்சை, வெளுத்தது, வெடித்தது, பூச்சி அரித்துச் சொறி பிடித்தது என்று ஏகப்பட்ட ஜாதி. அம்மா சொளகில் பரத்தி, விரலால் தள்ளிக்கொண்டே போவாள். பேச்சு மேலத்தெருக் கல்யாணத்தில் இருக்கும். விரல் மட்டும் வேலையில் இருக்கும். தப்பான காய் ஒன்று நல்ல குவியலுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

வெடித்த காயை உடைத்து, உள்ளே இருக்கிற ஏலரிசியைக் கடையில் தனியாக விற்றுவிடுவார்கள். மிஞ்சுகிற தோல் யாருக்கும் வேண்டாம். அது ஒரு மஞ்சப் பையில் எங்கள் வீட்டுக்கு வரும். டீயில் போட்டுக் கொதிக்க விடுவோம். தீபாவளி, பொங்கல் பாயசத்துக்கு மட்டும் ரெண்டே ரெண்டு முழுக் காய். மற்ற நாளெல்லாம் தோல் டீ. அதில் ஏலக்காய் வாசனை இருப்பதாக நாங்கள் நம்பினோம். டீயும் மறுத்துப் பேசியதில்லை.

2018 வெள்ளத்துக்கும் அதற்கடுத்த வறட்சிக்கும் அப்புறம், 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த மாசம் பாயசத்தில் ஏலக்காய் போட்டால் இன்கம்டாக்ஸ் வீட்டுக்கே வரும் என்று எங்கள் தெருவில் ஒரு வதந்தி. எங்களுக்கு உலகத்தில் பெரிய போட்டி கௌதமாலா. மத்திய அமெரிக்காவில் இருக்கிறது. போன நூற்றாண்டில்தான் அங்கே ஏலச்செடி போனது. அப்புறம் எங்களை முந்தினார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஏலக்காயைப் பெரிதாகச் சாப்பிடுவதில்லை. எல்லாம் அரபு நாட்டுக் காப்பிக்குக் கப்பலேறிவிடுகிறது. விளைகிறவனுக்கு வாசனை மட்டும்! அந்த ஒரு விஷயத்தில் நாங்களும் அவர்களும் ஒரே கட்சி.

போன வருஷம் அம்மா வேலை பார்த்த கடைக்கு ஒரு மெஷின் வந்தது. உள்ளே கேமரா. ஒவ்வொரு காயையும் படம் பிடித்து, நிறம் சரியில்லாததைக் காற்றால் 'ஃபூ' என்று ஊதித் தள்ளிவிடும். டீ கேட்காது. மேலத்தெருக் கல்யாணத்தைப் பற்றிப் பேசாது. முதலாளி நல்ல மனுஷன். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்து, "தேவைப்பட்டா சொல்லி அனுப்புறேன்க்கா" என்றார். அதற்கப்புறம் தேவைப்படவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மெஷின் வாங்கினால் போட்ட பணம் எத்தனை மாசத்தில் திரும்பும் என்று அந்தக் கடைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான். 'மிச்சமாகும் கூலி' என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரிக்குள் அம்மா இருந்தாள். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை என்கிற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து தம்பி போன் செய்தான். ப்ரமோஷனாம்.

"அண்ணே, பாண்டிச்சேரில ஒரு ரெஸ்டாரண்ட் பாத்து வச்சிருக்கேன். இந்தோனேஷியன் - ஃபிரெஞ்சு ஃப்யூஷன். அம்மாவக் கூட்டிட்டு வா."

"ஃப்யூஷனா? நம்ம ஊர்ல ஃப்யூஸ்தான்டா போகும்."

"வாண்ணே. வீட்லயே உக்காந்து கையப் பாத்துக்கிட்டே இருக்குதாம்ல அம்மா."

அது உண்மைதான். வேலை நின்றதிலிருந்து அம்மாவின் விரல்கள் சும்மா இருக்கவில்லை. ரேஷன் அரிசி, துவரம் பருப்பு, கடுகு என்று எது கிடைத்தாலும் பரத்திப் பிரித்துக்கொண்டிருந்தாள். கடுகில் என்ன தரம் பிரிப்பது என்று நான் கேட்கவில்லை.

ரயிலில் கிளம்பினோம். போடிக்கு வந்துகொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்தினார்கள். அகலப் பாதை போட்டு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூன் மாசம். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஸ்டேஷன் இருந்தது, தண்டவாளத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்தோம். வண்டி நகர்ந்ததும் அம்மா இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பணம் இல்லை. ஏழெட்டு ஏலக்காய். குமட்டினால் வாயில் போட்டுக்கொள்ள. தோல் இல்லை, முழுக் காய். பிரயாணத்துக்கு மட்டும் அந்த ஆடம்பரம்.

சென்னையில் தம்பி சேர்ந்துகொண்டான். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பாண்டி. 1674-ல் ஃபிரெஞ்சுக்காரர்கள் கடை விரித்த ஊர். 1954 நவம்பர் 1-ம் தேதி ஆட்சியை ஒப்படைத்தார்கள். சட்டப்படி முழுசாக எழுதிக் கொடுத்தது 1962 ஆகஸ்ட் 16-ல். சாவி கொடுத்து எட்டு வருஷம் கழித்துப் பத்திரப் பதிவு! நாம் என்னவோ நம்ம ஊர் சப்ரிஜிஸ்திரார் ஆபீஸைக் குறை சொல்கிறோம்.

ரெஸ்டாரண்டின் பெயர் வேண்டாம். மஞ்சள் சுவர், காகிதப் பூக் கொடி, முற்றத்தில் மேஜை, மேஜை மேல் மெழுகுவத்தி. "கரண்ட் இல்லையாப்பா?" என்றாள் அம்மா. "இருக்கும்மா. இது அழகுக்கு." "எங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் இந்த அழகு உண்டு" என்றேன் நான்.

மெனு கார்டு கல்யாணப் பத்திரிகையைவிடக் கனம். தம்பி இடது பக்கம் படித்தான். நான் வலது பக்கம் படித்தேன். பி.காம். படித்தவனுக்கு அந்தப் பக்கம்தான் புரிகிற பாஷையில் இருந்தது.

முதல் ஐட்டம் 'காடோ காடோ'.

"மலையடிவாரத்துல இருந்து இம்புட்டுத் தூரம் வந்தும் காடுதானா?" என்றாள் அம்மா.

வந்தது. அவித்த காய்கறி, மேலே அரைத்த வேர்க்கடலைக் குழம்பு. பக்கத்தில் 'க்ருபுக்' என்று மொறுமொறுப்பாக ஒன்று. அம்மா ஒடித்துப் பார்த்து, "அப்பளம். எறால் போட்டிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னாள். 'ரெண்டாங்' என்று ஒரு மட்டன் வந்தது. தேங்காய்ப்பாலில் மசாலாவோடு மணிக்கணக்கில் வேக வைத்து, பால் வற்றி எண்ணெய் பிரிகிற வரைக்கும் சுண்ட விடுவார்களாம். அது இந்தோனேஷியா. அதற்கடியில் வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு. அது ஃபிரான்ஸ். "சுக்கா வறுவல் நல்லாருக்கு. உருளைக்கிழங்க எதுக்குடா கீழ படுக்க வச்சிருக்கான்?" என்றாள் அம்மா.

நடுவில் ஒரு கேரட் சூப். 'வித் வடுவான்' என்று போட்டிருந்தது. சர்வர் பையன் பவ்யமாகக் குனிந்து, "வடுவான் ஒரு ஃபிரெஞ்சு மசாலா மேடம்" என்றான். அம்மா கிண்ணத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

"ஏய்யா, இது வெங்காய வடகம்ல?"

அதேதான் ஸார். சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம் எல்லாம் பிசைந்து உருட்டி மாடியில் காய வைக்கிறார்களே, அந்தத் தாளிப்பு வடகம். பாண்டிச்சேரிக் குசினிகளில் ஃபிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது வடுவான் ஆனது. அப்புறம் பாரிஸ், நியூயார்க் பெரிய சமையல்காரர்கள் வரை போய், சின்னச் சின்ன டப்பாவில் திரும்பி வருகிறது. மொட்டை மாடியில் காக்கா விரட்டின நம் பாட்டிகளுக்குத் தகவல் மட்டும் வரவில்லை.

இந்தோனேஷியாவுக்கும் ஃபிரான்ஸுக்கும் என்ன ஸார் சம்பந்தம் என்று உங்களைப் போலவே நானும் யோசித்தேன். வியட்நாம் என்றால் புரியும். ஃபிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா போன பாண்டிச்சேரித் தமிழர்களில் சிலர் திரும்பி வரும்போது வியட்நாம் மனைவியையும், 'நெம்' என்கிற பொரித்த சுருளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் இந்தோனேஷியா டச்சுக்காரன் சொத்து. இங்கேதான் கதையில் ஒரு ஃபிரெஞ்சுக்காரர் வருகிறார். பெயர் பியேர் புவாவ்ர். 'புவாவ்ர்' என்றால் ஃபிரெஞ்சில் மிளகு. மிஸ்டர் மிளகு! 1745-ல் அவர் வந்த கப்பலை இங்கிலீஷ்காரர்கள் தாக்கியதில் வலது கை போயிற்று. அவரைக் கொண்டு போய் விட்ட இடம் படேவியா, இன்றைய ஜகார்த்தா. அங்கே டச்சுக்காரர்கள் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் எப்படிக் காவல் காக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். செடியையோ முளைக்கிற விதையையோ கடத்தினால் மரண தண்டனை. அப்புறம் பாண்டிச்சேரிக்கும் வந்தார். ஒரு கை போனால் என்ன, ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். பின்னாளில் மொரீஷியஸ் தீவுக்கு அதிகாரியாகப் போய், ஆள் அனுப்பி, 1770-ல் ஜாதிக்காய்ச் செடியும் கிராம்புச் செடியும் கொண்டு வர வைத்தார். டச்சுக்காரனின் ஏகபோகத்தில் விழுந்த முதல் பெரிய ஓட்டை அது. ஆக, இந்தோனேஷியாவையும் ஃபிரான்ஸையும் முதலில் 'ஃப்யூஷன்' பண்ணியது சமையல்காரர் இல்லை, கடத்தல்காரர்.

கடைசியில் ஸ்வீட். 'க்ரீன் கார்டமம் க்ரெம் ப்ருலே'. முட்டையும் பாலும் சேர்ந்த ஒரு கிண்ணம், மேலே சீனியைத் தீயில் கருக்கிக் கண்ணாடி மாதிரி ஒரு மூடி. விலை 425 ரூபாய். ஒரு விஷயம் மனசுக்குள் ஓடியது. அம்மா கடைசியாக வாங்கின ஒரு நாள் கூலி அதைவிடக் குறைவு.

தம்பி ஸ்பூனால் மூடியை உடைத்து அம்மாவுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தான். அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். ரெண்டாவது வாயை நாக்கிலேயே வைத்திருந்தாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா?"

"இது தோல்."

"என்ன தோல்?"

"ஏலக்காத் தோல். நம்ம வீட்டு டீ வாசம் வருதா இல்லையான்னு நீயே பாரு."

பார்த்தேன். ஸார், சத்தியமாக எங்கள் வீட்டு டீ. இருபத்தெட்டு வருஷப் பழக்கம் பொய் சொல்லாது. நானூற்று இருபத்தைந்து ரூபாய் கொடுத்து, வீட்டில் இலவசமாக வந்ததை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ரெஸ்டாரண்ட்காரர்ட்ட சொல்லலாம்" என்றாள் அம்மா.

நானும் தம்பியும் ஒரே குரலில், "வேணாம்மா!" என்றோம்.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. நீங்களும் நானும் இப்படித்தான். மெஸ்ஸில் அறுபது ரூபாய்ச் சாப்பாட்டில் உப்பு ஒரு கல் கூடினால் சர்வரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவோம். நானூறு ரூபாய் ஐட்டத்தில் உப்பே இல்லாவிட்டாலும் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு வருவோம். இதற்குப் பெயர் நாகரிகம் இல்லை, பயம். மெனுவில் புரியாத பெயர் இருந்தால், நம் நாக்கை நாமே நம்ப மாட்டோம். அம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை. ஏனென்றால் அவள் மெனுவைப் படிக்கவே இல்லை.

அம்மா கையைக் காட்டி சர்வர் பையனைக் கூப்பிட்டாள். "தம்பி, சமைச்சவங்களக் கூப்புடுறியாய்யா?"

நான் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செஃப் வந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும். காரைக்கால் பக்கமாம். ஃபிரான்ஸில் படித்து, பாலித் தீவில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர். நல்ல தமிழ் பேசினார்.

"தம்பி, எல்லாம் நல்லா இருந்துச்சு. சுக்கா ரொம்ப நல்லா இருந்துச்சு. இதுல மட்டும் ஏலக்கா இல்லய்யா. தோல்தான் இருக்கு."

அவர் முகம் ஒரு நிமிஷம் சிவந்தது. உள்ளே போனவர், சண்டைக்கு ஆள் கூட்டி வருவார் என்று நினைத்தேன். ஒரு பொடி டப்பாவோடு வந்தார். "நல்ல கம்பெனின்னு சொல்லித்தாம்மா வாங்கினோம்" என்றார். அம்மா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் தேய்த்தாள். நார் நாராக நின்றது. அப்புறம் சுருக்குப்பையைத் திறந்து ஒரு காயை எடுத்தாள். நகத்தால் கீறினாள். உள்ளே கறுப்பாக ஏலரிசி.

"அரிசி கறுப்பா இருக்கணும். தேச்சா விரல்ல பிசுக்குன்னு ஒட்டணும். வெள்ளையாவோ செவப்பாவோ இருந்தா முத்தாத காய். இதத் தட்டிப் போட்டவொடன மணக்கும், பொடி பண்ணி வச்சா நாள் ஆக ஆகப் பறந்துடும். தோலோட அரைச்சா எடை கூடும் தம்பி. மணம் கூடாது."

செஃப் அந்தக் காயை வாங்கி மோந்தார். பேசாமல் உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்து நாலு சின்னக் கப்பில் சூடான பால். அம்மாவின் காயில் மூன்றைத் தட்டிப் போட்டது. ஒன்றை அவரே எடுத்துக்கொண்டு எங்கள் மேஜையில் உட்கார்ந்துவிட்டார். நாலு பேரும் குடித்தோம். 'சூப்பர்' என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

அப்புறம் பாலித் தீவுக் கதை சொன்னார். "அங்க ஏலக்காய்க்குக் காபுலாகான்னு பேரும்மா. வெள்ளையா, குண்டு குண்டா இருக்கும். நம்ம காய் மாதிரி இல்ல. ஆனா நம்ம வார்த்தை நெறைய அங்க இருக்கு. கறிக்குக் காரி. கப்பலுக்குக் காப்பால். கடைக்குக் கெடாய். சொமை தூக்குறவங்களக் கூலிம்பாங்க."

"கூலி அங்கயும் போயிருச்சா?" என்று சிரித்தாள் அம்மா. "கப்பல்லதான் போயிருக்கும்."

பில் ஒரு மரப்பெட்டியில் வந்தது. ஸ்வீட்டுக்குக் காசு போடவில்லை. தம்பி பணம் கட்டிவிட்டு, இருநூறு ரூபாயைப் பெட்டிக்குள் வைத்தான்.

"அது எதுக்குப்பா?"

"பரிமாறினவருக்கு டிப்ஸ்மா."

"அவருக்குச் சம்பளம் இல்லையா?"

"இருக்கும்மா. இது நல்லாப் பரிமாறினதுக்கு."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடற்கரையில் காந்தி சிலை வரைக்கும் நடந்தோம். அலை பாறையில் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே நின்றுகொண்டு, கடலைப் பார்த்தபடி, "நல்லா வேல பாத்தா தனியாக் காசு உண்டுன்னு எனக்கு யாரும் சொல்லலையேப்பா" என்றாள்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஒரு தகவல் லேட்டாகக் கிடைத்த குரல். எனக்கு அந்த 'மிச்சமாகும் கூலி' வரி ஞாபகம் வந்தது. மெஷின் நிறம் பார்க்கும், சைஸ் பார்க்கும். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு 'இது தோல்' என்று சொல்ல அதற்கு நாக்கு இல்லை. என் கணக்கில் அந்த நாக்குக்குக் கட்டம் போடவில்லை.

ஊருக்கு வந்து பத்து நாள் இருக்கும். தம்பி போன் செய்தான். "அண்ணே, அந்த செஃப் கூப்பிட்டாரு. ஒரு கிலோ ஏலக்காய் வேணுமாம். அம்மா கையால பிரிச்ச காய்தான் வேணுமாம்."

அம்மா அன்றைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, பழைய கடைக்கே போய்க் காசு கொடுத்துக் காய் வாங்கி வந்தாள். கூலிக்குப் போன கடைக்கு வாடிக்கையாளராக! ஒன்றே கால் கிலோ வாங்கினாள். மத்தியானம் முழுக்கத் திண்ணையில் சொளகோடு உட்கார்ந்து ஒரு கிலோ ஆக்கினாள். நான் பில் போட உட்கார்ந்தேன். அம்மா பெயரில் பில் நம்பர் 1. காய் விலை எழுதினேன். கூரியர் எழுதினேன். கோடு போட்டுக் கூட்டப் போனேன்.

"கூலி?" என்றாள் அம்மா.

"எவ்வளவும்மா போட?"

"அந்தக் கிண்ணம் எவ்வளவு?"

"நானூத்தி இருபத்தஞ்சு."

"அதப் போடு."

"ஒரு கிலோவுக்கா? மார்க்கெட்ல யாரும்மா அவ்வளவு..."

"மெஷினுக்கே கணக்குப் போட்டுக் குடுத்தவன் நீ. எனக்குப் போட மாட்டியா?"

பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "யாரும்மா சொன்னா?"

"முதலாளிதான். அன்னைக்கே சொல்லிட்டாரு. 'ஒங்க மகன் போட்ட கணக்குக்கா, தப்பா வராது'ன்னு." கொஞ்ச நேரம் பொறுத்து, "தப்பாவும் வரல. முழிக்காம எழுது" என்றாள்.

எழுதினேன். 'தரம் பிரித்த கூலி - ரூ. 425.' நான் இதுவரை போட்ட கணக்குகளில், இதைவிடச் சரியாக ஒரு வரி எழுதியதாக ஞாபகம் இல்லை.

நாலாம் நாள் என் போனுக்குப் பணம் வந்தது. பில் தொகைக்கு மேல் எழுபத்தைந்து ரூபாய் கூட இருந்தது. "எதுக்குடா இது?" என்றாள் அம்மா. "டிப்ஸா இருக்கும்மா" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்பி அனுப்பச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அடுப்படிக்குப் போனாள். ரெண்டு முழுக் காயைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

டீ வந்தது. எப்படி இருந்தது என்கிறீர்களா? வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். 'சூப்பர்' என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்புறம் நாக்கைக் கேட்டேன்.

"சீனி கம்மிம்மா" என்றேன்.